பதினாலாம் தேதி சி ஷிஃப்ட்

திம்மப்பன் வேலை பார்த்த தொழிற்சாலையில் தேதி காலை ஆறு மணிக்குத்தான் மாறும். ஆறிலிருந்து இரண்டு வரை ஏ ஷிஃப்ட், இரண்டிலிருந்து பத்து வரை பி, பத்திலிருந்து மறுநாள் காலை ஆறு வரை சி. மூன்றும் சேர்ந்தால் ஒரு நாள். நள்ளிரவில் ஊர் உலகத்தில் தேதி மாறலாம். ஓசூர் சிப்காட்டில், கியர்களை உலையில் காய்ச்சிக் கெட்டிப்படுத்தும் அந்தக் கூடத்தில் மாறாது. பதினாலாம் தேதி ராத்திரி ஒரு மணிக்கு உலையின் சூட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறவர் பக்கத்தின் மேலே பதினாலு என்றுதான் போட வேண்டும். பதினைந்து என்று போட்டால் தணிக்கைக்கு வருகிறவர் கேள்வி கேட்பார். திம்மப்பன் பதின்மூன்று வருஷத்தில் ஒருநாளும் தப்பாகப் போட்டதில்லை.

கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்துக் கிராமம் அவருடையது. அம்மா கெம்பம்மா முட்டைக்கோஸ் வயல்களில் கூலிக்குப் போனவர். மகன் இருபத்தொரு வயதில் ஒப்பந்தக் கூலியாகத் தொழிற்சாலைக்குள் நுழைந்து, மூன்று வருஷத்தில் நிரந்தரமானார். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ். உலையோடு மட்டும் இங்கிலீஷ், அதன் பொத்தான்களில் அதுதான் எழுதியிருந்தது.

நிரந்தரமானபோது அவருக்கு ஒரு லாக்கர் கொடுத்தார்கள். பெங்களூரிலிருந்து பயிற்சிக்கு வந்து, சூடு தாங்காமல் நாலாம் மாதமே ஓடிப்போன ஓர் இன்ஜினியருடைய லாக்கர் அது. உள்ளே ஒரு துண்டும் ஒரு கேசட்டும் இருந்தன. துண்டைத் துடைக்க வைத்துக்கொண்டார். கேசட்டை யாராவது கேட்டு வருவார்கள் என்று ஆறு மாதம் பத்திரமாக வைத்திருந்தார். யாரும் வராததால் போட்டுக் கேட்டார்.

அது காப்பர் லேன்டர்ன் என்ற ராக் இசைக்குழுவின் கேசட். இங்கிலாந்தில் ஏதோ ஓர் இரும்பு ஆலை ஊரைச் சேர்ந்த நாலு பேர். முதல் தடவை கேட்டபோது டேப் ரெக்கார்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். இரண்டாம் தடவை, டிரம்ஸ் அடிக்கிறவர் பட்டறைக்காரர் என்று தெரிந்துவிட்டது. அடுத்த கூடத்தில் பழுத்த இரும்பின்மேல் விழும் பெரிய சம்மட்டி விழுந்ததும் எழாது. ஒரு கணம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழும். அந்த ஆளின் அடியும் அப்படித்தான் உட்கார்ந்து எழுந்தது. பிறகு பெங்களூரில் பழைய பத்திரிகை ஒன்று கையில் கிடைத்து, கூட வேலை பார்த்த அஜித்குமாரைவிட்டு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொன்னார். டிரம்ஸ்காரர் பதினாறு வயதிலிருந்து ஒன்பது வருஷம் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர் என்று அதில் போட்டிருந்தது. அதற்குப் பிறகு திம்மப்பன் வேறு பாட்டு கேட்கவில்லை.

வரிகளின் அர்த்தம் அவருக்குத் தெரியாது. சத்தத்தை வைத்துப் பாடுவார். ஃபேக்டரியில் சும்மா கேட்கிற சத்தத்தை வீட்டில் எதற்குக் காசு கொடுத்துக் கேட்கிறாய் என்று கெம்பம்மா கன்னடத்தில் விசாரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு சுசித்ரா வந்தார். தையல் கம்பெனியில் காலை ஒன்பது முதல் ஐந்தரை வரை வேலை. வீட்டில் ஒருவர் தூங்கும்போது ஒருவர் விழித்திருந்ததால் பாட்டைப் பற்றிச் சண்டை வர நேரம் இருக்கவில்லை.

2004-இல் காப்பர் லேன்டர்ன் பெங்களூருக்கு வருவதாகச் சொன்னார்கள். திம்மப்பன் மைதானத்து வாசல்வரை போனார். மழை பெய்தது, நிகழ்ச்சி நடக்கவில்லை. 2007 தொடக்கத்தில் இன்னொரு செய்தி வந்தது. டிரம்ஸ்காரருக்குத் தோள்பட்டை தேய்ந்துவிட்டதாம். இந்தச் சுற்றோடு குழுவைக் கலைக்கிறார்களாம். ஆசியாவில் ஒரே ஊர், சிங்கப்பூர், மார்ச் பதினைந்து, வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணி.

பாஸ்போர்ட், விசா எல்லாம் சுசித்ராவின் சீட்டுப் பணத்தில் வந்தன. லீவுதான் கஷ்டம். விண்ணப்பத்தில் காரணம் எழுதக் கட்டம் இருந்தது. திருமணம், இறப்பு, காதுகுத்து, ஊர்த் திருவிழா தவிர இந்தப் பிரிவில் யாரும் வேறு எழுதியதில்லை. ஷிஃப்ட் பொறுப்பாளர் பொன்னுசாமி, சாத்தூர்ப் பக்கத்துக்காரர், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“இந்த ஆளு உனக்கு என்ன வேணும்?”

“யாருண்ணா?”

“கொட்டு அடிக்கிறவரு.”

“ஒண்ணும் இல்லண்ணா.”

“ஒண்ணும் இல்லன்னு எழுத முடியாதுப்பா” என்று சொல்லிவிட்டு, பொன்னுசாமி ‘ஊர்த் திருவிழா, சிங்கப்பூர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டிக்கெட் வந்தது. விமானம் மார்ச் பதினாலு, 00.40. திம்மப்பன் பார்த்தார், அஜித்குமார் பார்த்தார், பொன்னுசாமி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பதினாலாம் தேதி ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் குறைவு. பதினாலு, சி ஷிஃப்ட். பதின்மூன்றாம் தேதி சி ஷிஃப்டை முடித்துவிட்டு, புதன்கிழமை பகலில் துணி எடுத்துவைத்துக்கொண்டு, ராத்திரி கிளம்பினால் சரியாக இருக்கும். போய்ச் சேரும் இடத்தில் காலை ஏழரை என்று போட்டு, அங்கேயும் பதினாலு என்றே இருந்தது. அது மட்டும் அஜித்குமாருக்கு இடித்தது. சிங்கப்பூரில் மணியே வேறு, தேதியும் அவர்கள் வழக்கப்படிதான் போடுவார்கள் என்று பொன்னுசாமி விளக்கினார். மூன்று பேருக்கும் சேர்த்து நாற்பத்தைந்து வருஷ அனுபவம்.

ஆகவே பதினாலாம் தேதி பிறந்து நாற்பது நிமிஷம் ஆனபோது, பெங்களூரிலிருந்து விமானம் ஓர் இருக்கை காலியாகக் கிளம்பிப் போனது. திம்மப்பன் அப்போது உலைக்கு முன்னால் நின்று எண்ணூற்று எழுபது டிகிரி என்று எழுதிக்கொண்டிருந்தார். மேலே தேதி பதின்மூன்று.

புதன்கிழமை ராத்திரி ஒன்பதே முக்காலுக்குப் பெங்களூர் விமான நிலைய வாசலில் துப்பாக்கி வைத்திருந்த காவலர் டிக்கெட்டைப் பார்த்தார். திம்மப்பனைப் பார்த்தார். மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார். இது நேற்று ராத்திரியே போய்விட்டது என்று சொல்லி, விமானக் கம்பெனியின் ஜன்னலுக்கு அனுப்பினார். ஜன்னலில் இருந்த பெண்ணிடம் திம்மப்பன் கன்னடத்தில் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: இன்று பதினாலு, பன்னிரண்டே முக்கால் இன்னும் வரவில்லை, பதினைந்து பிறக்கக் காலை ஆறு ஆகும். அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, எந்த நாட்டில் என்று கேட்டார். கிண்டலாகத் தெரியவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

திம்மப்பன் வெளியே வந்து டெலிபோன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினார்.

“இன்னிக்கு என்ன தேதிங்க?” என்றார் சுசித்ரா.

“பதினாலு.”

“ராத்திரி பன்னெண்டு தாண்டினா?”

“பதினாலுதான்.”

“உங்க ஃபேக்டரில.”

பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“டிக்கெட்டை என்கிட்ட காட்டலியே” என்றார் சுசித்ரா.

“நீ தூங்கிகினு இருந்த.”

“எழுப்பறதுதானே?”

அந்த நேரத்தில்தான் குருபரப்பள்ளிக் கல்யாணம் அவருக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அதே பிரிவில் வேலை பார்த்த கரியப்பனுக்குக் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நாலரைக்கு முகூர்த்தம். பதினோரு பேர் வேன் பிடித்து, வெண்கலக் குத்துவிளக்கோடு போனார்கள். மண்டபத்தில் மாப்பிள்ளை வேறு யாரோ. கரியப்பன் கொடுத்த விலாசம் தப்பு என்று எல்லோரும் முடிவுகட்டி, வந்ததற்கு விளக்கைக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். கரியப்பன் எட்டு மாதம் யாரோடும் பேசவில்லை. அன்று அவர்கள் போனது திங்கட்கிழமை விடிகாலை என்று இப்போது, விமான நிலையத்துப் பூத்தில், திம்மப்பனுக்கு உறைத்தது.

இவ்வளவு நேரமும் சுசித்ரா போனை வைக்கவில்லை. “இன்னிக்கு ராத்திரி அதே நேரத்துக்கு விமானம் இல்லியாமா? கேட்டீங்களா?” என்றார்.

கேட்கவில்லை. ஓடிப்போய்க் கேட்டார்.

இருந்தது. ஆனால் இடமில்லை. யாராவது வராமல் போனால் தரலாம். அபராதமும் கட்ட வேண்டும். சிங்கப்பூரில் செலவுக்கு வைத்திருந்த டாலரில் பெரும்பகுதியை அங்கேயே கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றார். நிற்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. அடுத்த ஷிஃப்ட் ஆள் வராவிட்டால் உலையைவிட்டு நகரக் கூடாது என்பது சட்டம், வந்தால்தான் போகலாம். இங்கே தலைகீழ், ஒருவர் வராமல் இருந்தால்தான் போகலாம். யாரோ ஒரு முகம் தெரியாத மனிதருக்குச் சளிக்காய்ச்சலாவது வரட்டும் என்று வேண்டிக்கொண்டு, அது பாவம் என்று தோன்றவும், பெங்களூர் ரோட்டில் லாரி குறுக்கே நின்று நேரமாகட்டும் என்று மாற்றிக்கொண்டார். பதினொன்றே முக்காலுக்கு அந்தப் பெண் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஒருவர் வரவில்லை.

சிங்கப்பூரில் வியாழக்கிழமை காலை வெயில் அடித்தது. சிராங்கூன் சாலை விடுதியில் அவருக்கு அறை போட்டிருந்தது பதினாலாம் தேதிக்கு. அவர் வராததால் அதை மதுரைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பையை மட்டும் ஓரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குப் பிறகு திம்மப்பன் தூங்கவில்லை. விமானத்தில், இறங்கும் இடத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்று கண்ணை மூடவில்லை. இப்போது எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார் என்று அவருக்குத் தெரிந்தது. தூங்கினால் எட்டு மணிக்கு எழுப்ப ஆளில்லை. அதனால் நடந்தார். இரண்டு இட்லியை நின்றபடியே சாப்பிட்டார். தமிழ் முகமாகப் பார்த்து வழி கேட்டுக் கேட்டு, நாலு மணிக்கே அரங்கத்தைக் கண்டுபிடித்து, அதை ஐந்து தடவை சுற்றினார்.

கதவு திறந்ததும் அவருடைய நாற்காலியைக் காட்டினார்கள். மெத்தை வைத்த நாற்காலி. திம்மப்பன் அதைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

சீருடை போட்ட காவல்காரப் பெண்மணி ஒருவர் வந்து, ஐம்பது வயது இருக்கும், முதலில் இங்கிலீஷில் சொல்லி, பிறகு முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். பெயர் ஜோதியம்மாள் என்று சட்டையில் குத்தியிருந்தது.

“தம்பி, உட்காருங்க. இங்க நிக்கக் கூடாது.”

“உக்காந்தா தூங்கிடுவேன்கா.”

“பிடிக்காமலா டிக்கெட் வாங்கினீங்க?”

“பிடிச்சுதாங்கா. அதான் நிக்கறேன்.”

எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று ஜோதியம்மாள் கேட்டார். எந்தக் கணக்கில் சொல்வது என்று திம்மப்பன் கொஞ்சம் குழம்பி, ரெண்டு ராத்திரி என்றார். அந்த அம்மாள் அவரை மேடையின் பக்கவாட்டில் ஒரு கம்பித் தடுப்புக்கு அழைத்துப்போனார். அங்கே யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள். பாடுகிறவரின் முதுகுதான் தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், மேலே ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு விளக்கு அணைந்தது. முதல் அடி விழுந்தபோது திம்மப்பனுக்குக் காதில் கேட்பதற்கு முன்னால் கம்பியில் கேட்டது. அவர் நின்ற இடத்திலிருந்து பாடகரின் முதுகும், கிதார்க்காரர்களின் முழங்கைகளும் தெரிந்தன, டிரம்ஸ்காரர் முழுசாகத் தெரிந்தார். நரைத்த ஆள். தோளில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. குச்சியை ஓங்கும்போது முதலில் முழங்கையைத் தூக்கி, மணிக்கட்டைக் கடைசியில் விட்டார். சம்மட்டி பிடித்தவர்கள் அப்படித்தான் ஓங்குவார்கள். வெறும் கையால் ஓங்கினால் மதியத்துக்குள் தோள் போய்விடும். அடி விழுந்து ஒரு கணம் உட்கார்ந்தது. பிறகு எழுந்தது.

இரண்டாயிரம் மூவாயிரம் பேர் குதித்தார்கள், கத்தினார்கள், சட்டையைக் கழற்றிச் சுழற்றினார்கள். திம்மப்பன் ஒன்றும் செய்யவில்லை. உலைக் கதவு திறக்கும்போது நிற்பதைப்போல, காலை அகட்டி, கண் சிமிட்டாமல் நின்றார். ஏழாம் பாட்டில் முழங்கால் மடங்கியது. கம்பியை விடவில்லை. பன்னிரண்டாம் பாட்டில் ஜோதியம்மாள் அந்தப் பக்கம் வந்து, பேசாமல் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துவிட்டுப் போனார். பாதியைக் குடித்து, பாதியைத் தலையில் ஊற்றிக்கொண்டார். பதினெட்டாம் பாட்டில் டிரம்ஸ்காரர் இடது கைக்கு மாற்றிக்கொண்டதை அந்த அரங்கத்தில் கவனித்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். திம்மப்பன் கவனித்தார். வலி வந்துவிட்டது என்று புரிந்தது. அதற்குப் பிறகும் மூன்று பாட்டு வாசித்தார்கள்.

கடைசி அடி விழுந்து, நாலு பேரும் கை கோத்துக் குனிந்து, விளக்குகள் எல்லாம் எரிந்த பிறகு திம்மப்பன் கம்பியை விட்டார். விரல்கள் நிமிரக் கொஞ்ச நேரம் ஆனது. பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்து, பெருக்குகிறவர்கள் பாதி அரங்கத்தை முடித்த பிறகு ஜோதியம்மாள் வந்து தோளைத் தட்டினார். திம்மப்பன் எழுந்திருக்க நாலு தட்டு ஆனது.

“இப்படித் தூங்கறதுக்கா தம்பி இவ்ளோ தூரம் வந்தீங்க? எவ்ளோ கேட்டீங்க, எவ்ளோ விட்டீங்க?”

திம்மப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார். டிரம்ஸைக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இருபத்தொரு பாட்டுக்கா” என்றார். “ஒண்ணும் விடல.”