குசினிப் பக்கத்து ரோட்டு

வாவியின் கிழக்கே, எழுவான்கரையில், எங்கள் வீடு தண்ணீரைப் பார்த்து நின்றது. வருகிறவர்கள் தோணியில் வந்து, எங்கள் துறையில் இறங்கி, கால் கழுவி முன்விறாந்தைக்கு ஏறுவார்கள். பின்னால் சமைக்கிற குசினி, மாட்டுக் கொட்டில், சாம்பல் குவியல். அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற துணிவில் அம்மா அங்கே எதையும் ஒழுங்காக வைத்ததில்லை.

பிறகு பாலம் வந்தது. பாலத்துக்கு ரோட்டு வேண்டுமே. ரோட்டு வேலை பார்க்க வந்த ஓவசியர் நூல் பிடித்த கோடு எங்கள் குசினி வேலியை உரசிக்கொண்டு போனது. கடை, தபால் பெட்டி, பஸ் என்று ஊரே மெல்ல அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அம்மா மட்டும் திரும்பவில்லை.

வம்பு அக்காவின் கல்யாணப் பேச்சில் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே பேச வருகிறவர்கள் பெண்ணைவிட வீட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் குழம்பியிருந்தது. இதுவும் போனால் அவள் பாடு அவ்வளவுதான்.

மாப்பிள்ளையின் தாயும் மாமனும் வண்டிலில் வந்து குசினி வேலியடியில் இறங்கினார்கள். அக்கா மீன் செதிலும் கையுமாக நின்றாள். அம்மா வேலிக்கு மேலால் சொன்னாள்: "குசினியால சம்பந்தம் வாறதில்ல. பாலத்தடிக்குப் போங்க, தோணி அனுப்புறன்."

மாமன்காரரின் முகம் கறுத்தது. "பாலத்தால வந்த எங்களத் தோணி ஏறச் சொல்றீங்களோ?" என்றவர் வண்டிலைத் திருப்பச் சொன்னார். அம்மாமேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அக்கா கையைக் கழுவிவிட்டு வேலிப் படலையைத் திறந்தாள். "வாங்க. வீட்ட எனக்குத்தானே தரப்போறாங்க. இனி வாசல் இதுதான்."

கல்யாணம் நடந்தது. அக்கா குசினியை வாவிப் பக்கம் மாற்றி, பழைய வாசலில் விறகு அடுக்கினாள். அம்மா சண்டை பிடிக்கவில்லை. அதே வளவில் ஒரு சின்ன வீடு போட்டு ஒதுங்கினாள். ஒன்றே ஒன்று கேட்டாள். "என்னக் கொண்டு போகக்குள்ள மட்டும் முன்வாசலால கொண்டு போங்க புள்ள." எது முன்வாசல் என்று அக்கா கேட்கவில்லை. "ஓம்" என்றாள்.

அந்த நாள் வந்தபோது விறகையெல்லாம் அக்காவே அழுதழுது அள்ளி எறிந்தாள். பெரிய வீட்டின் பழைய வாசலால் அம்மாவைத் துறைக்குத் தூக்கி வந்தோம். சுடலை அக்கரையில். ஓடக்காரன் எப்போதோ தொழிலை விட்டிருந்தான். மீன் தோணிக்காரர் பிணம் ஏற்றச் சம்மதிக்கவில்லை. தோளில் பாரத்தோடு தண்ணீரைப் பார்த்துச் சற்று நின்றோம். பிறகு கரையோரமாக நடந்து, பாலத்தடியில் ரோட்டில் ஏறினோம்.