துணையில்லாமல் வந்த செவ்வாய்க்கிழமை

திங்கட்கிழமை பகல் இரண்டே காலுக்கு ஷாமளாவின் கைபேசி அடிக்கும். பிந்தினால் இரண்டு பதினேழு. தென்லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவும் மெஷினை ஓடவிட்டுவிட்டு, சாமான் அறைக்குள் போய், தக்காளி டின்களுக்கு நடுவே நின்று எடுப்பாள். திரையின் ஒரு கட்டத்தில் மலேசியாவில், கிள்ளானில், இரவு ஒன்பதே காலுக்குத் தலை சீவிப் பவுடர் போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மா மகாதேவி. இன்னொரு கட்டத்தில் தம்பி புவனேசன். திங்கள் அவனுக்குத் துணி துவைக்கும் நாள், சாதாரண உடுப்புப் போடலாம். ஆனாலும் அம்மாவுக்காக அந்த நேரம் மட்டும் வெள்ளைச் சட்டையும் டையும் போட்டு, கறுப்புப் பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு வருவான்.

பட்டையில் இருந்தது அவன் பெயரல்ல. மோர்மன் சபையில் ஊழியத்துக்குப் போகும் பையன்கள் எல்லாரும் 'எல்டர்'. அதன் பின்னால் குடும்பப் பெயர். அவர்கள் வீட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் அப்பாவின் பெயரைப் போட்டார்கள். எல்டர் கோபாலன். லாரி ஓட்டி, ஐம்பத்திரண்டு வயதில் இறந்துபோன அப்பாவின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு, இருபது வயதுப் பையன் இங்கிலாந்தில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினான்.

அவனுடைய வாரம் ஷாமளாவுக்குத் தன் வாரத்தைவிட நன்றாகத் தெரியும். காலை ஆறரைக்கு எழும்ப வேண்டும். எட்டு மணிக்குப் படிப்பு. பத்துக்கு வெளியே. இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு. வாரத்தில் ஒரு நாள் பக்கத்து ஊர் மிஷனரிகளோடு கூட்டம். ஞாயிறு சபை ஆராதனை. எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். துணையாக வரும் பையனைக் கண்ணை விட்டு அகலவிடக் கூடாது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றல் பார்ப்பார்கள். சனிக்கிழமை செய்தி வரும், புதன்கிழமை இரண்டு பெட்டியோடு போய்விட வேண்டும். ஊர் மாறும், இல்லாவிட்டால் துணை மாறும், சில சமயம் இரண்டும்.

ஃபிரிட்ஜில் ஒட்டிய காலண்டரில் ஷாமளா எல்லாவற்றையும் குறித்து வைத்தாள். க்ராலி, பன்னிரண்டு வாரம். ரெடிங், பதினெட்டு வாரம். ஹேஸ்டிங்ஸ், இருபத்து நாலு வாரம். கடற்கரை ஊர், குளிர்காலம், சப்பாத்து இரண்டு சோடி தேய்ந்தது. ஒருவரும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அதை அவள் குறிக்கவில்லை. சட்டையைத் தானே இஸ்திரி போடப் பழகினான், பதினோரு வேத வசனங்களை மூன்று மொழியில் மனப்பாடமாகச் சொன்னான் என்பதைக் குறித்தாள்.

பிறகு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை அடுத்த ஊர் வந்தது. மிச்சம்.

ஷாமளாவின் வீடு கோலியர்ஸ் வுட்டில். இருநூறாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் மிச்சம் கால் மணி நேரம்.

அந்தத் திங்கட்கிழமை அழைப்பில் அவன் ஊர்ப் பெயரைச் சொன்னான்.

"அக்கா வீடு பக்கத்துலதானே?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. ஆனா குடும்பத்தைப் பார்க்கப் போறது இல்ல. ஊழியம் முடியற வரைக்கும்."

"அப்போ போகாதேய்யா. ஷாமளா, உனக்கும்தான் சொல்றேன். பார்சல் கட்டிக்கிட்டு அங்க போய் நிக்காதே. நீ பண்ணது போதும். இவனாவது ஒழுங்கா முடிச்சுட்டு வரட்டும்."

நீ பண்ணது என்றால் ஆரணனைக் கட்டியது. ஆரணன் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர், லண்டனில் பஸ் ஓட்டுகிறவர். ஒன்பது வருடமாகியும் அம்மாவின் வாயில் அவர் பெயர் வந்ததில்லை. அக்கா வழி தவறினாள், தம்பியையும் அவள்தான் கெடுத்தாள் என்று கிள்ளானில் ஒரு பேச்சு வந்துவிட்டால் அதன்பிறகு தனக்கு அந்த வீடு இல்லை என்று ஷாமளாவுக்குத் தெரியும். ஊழியத்தின் இருபத்து நாலு மாதம் முடியும்வரை தம்பியின் நிழலைக்கூட மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

மூன்றாவது வாரம், வேலை முடிந்து வரும்போது பஸ் ஜன்னல் வழியாக அவனைக் கண்டாள். மிச்சம் கடைத்தெருவில், அவனைவிட ஒரு முழம் உயரமான அமெரிக்கப் பையனோடு நின்றான். அதுதான் துணை, எல்டர் ஹான்சன். புவனேசனின் சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும் இடைவெளி. ஒரு கிழவி அவன் நீட்டிய அட்டையை வாங்காமல் தள்ளுவண்டியை வளைத்துக்கொண்டு போனாள். அவன் கை நீட்டியபடியே இருந்தது, மடக்க மறந்தவன் போல. ஷாமளா மணியை அழுத்தவில்லை. பஸ் நகர்ந்தது.

"சாப்பிடுறியாடா?" என்று அடுத்த திங்கட்கிழமை கேட்டாள்.

"நல்லா இருக்கேன்க்கா."

"நான் கேட்டது சாப்பாடு."

"சாப்பிடுறேன். இங்க ஒரு கடைக்காரர் இருக்காரு, யாழ்ப்பாணம். நேத்து என்ன கேட்டாரு தெரியுமா? 'தம்பி, தமிழ்ப் பிள்ளை நீ, இந்த வெள்ளைப் பனைமரத்தை ஏன் கூட்டிக்கொண்டு திரியிறாய்? வழி தவறிட்டானோ?'"

அம்மா சிரித்தாள். ஷாமளாவும் சிரித்தாள். புவனேசன் சிரிக்கவில்லை என்பது மெஷினிலிருந்து தட்டுகளை எடுத்து அடுக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கிள்ளான் சபையில உன் படத்தை மாட்டியிருக்காங்கய்யா. எல்லாரும் உன் பேச்சுத்தான்," என்று அம்மா எல்லாத் திங்கட்கிழமையும் சொல்வாள். அவனும் எல்லாத் திங்கட்கிழமையும், "நல்லா இருக்கேம்மா" என்பான்.

ஐந்தாவது திங்கட்கிழமை அம்மா தண்ணீர் குடிக்க எழுந்த நேரம் பார்த்து, "அக்கா, நீ செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவே?" என்றான்.

"மூணரைக்கு. ஏன்டா?"

"சும்மாதான்."

எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவள் அதை எழுதி வைக்கவில்லை.

மறுநாள் மூன்று நாற்பதுக்கு வாசல் மணி அடித்தது. ஷாமளா கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே நாலு விரல் அகலத்துக்குத் திறந்து பார்த்தாள். புவனேசன். ஜூன் வெயிலில் வேர்த்து, முகம் சாம்பல் பூத்துப்போய் நின்றான். அவள் கண் முதலில் அவன் முகத்துக்குப் போகவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் போனது.

"ஹான்சன் எங்கே?"

"காய்ச்சல். மாத்திரை போட்டுட்டுத் தூங்குறான்."

"தனியாவா வந்தே?"

"நடந்து வந்தேன். அக்கா, உள்ளே வரட்டா?"

ஐம்பத்தெட்டு வாரம், ஆறு நாள். அவள் மனம் அதைத்தான் எண்ணியது. இத்தனை வாரத்தில் ஒரு நாள்கூட அவன் துணையைவிட்டு நகர்ந்ததில்லை. நகர்ந்த முதல் நாள் அக்காவின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். இது வெளியே தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் அம்மா என்ன சொல்வாள் என்பதை அவளால் அந்தக் குரலிலேயே கேட்க முடிந்தது.

"நீ இங்க வரக் கூடாதுடா. அவன் முழிச்சுப் பார்த்தா?"

"அஞ்சு நிமிஷம். உட்கார்ந்துட்டுப் போயிடுறேன்."

"ஃபோன் எங்கே?"

"மேசையில வச்சுட்டு வந்துட்டேன்."

"இரு."

அவள் சங்கிலியைக் கழற்றவில்லை. உள்ளே ஓடி, சோற்றையும் முதல் நாள் செய்த நெத்திலி சம்பலையும் ஒரு பெட்டியில் அள்ளி அடைத்தாள். தான் அவனைக் காப்பாற்றுவதாகத்தான் அப்போது நினைத்தாள். கதவிடுக்கில் பெட்டி நுழையவில்லை. அதற்காக மட்டும் சங்கிலியை எடுத்து, கையை வெளியே நீட்டிக் கொடுத்துவிட்டு மறுபடி மாட்டினாள்.

"பஸ்ல போ. இருநூறு. அவன் எழும்பறதுக்குள்ள போயிடு. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், சரியா? இன்னும் நாப்பத்தஞ்சு வாரம்தான்டா."

அவன் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"குளியலறையில மட்டும்தான்க்கா தனியா இருக்கேன்," என்றான். "அங்கதான் உட்கார்ந்திருப்பேன். தண்ணியத் திறந்து விட்டுட்டு."

"எல்லாம் சரியாயிடும். போ."

அவன் போனான். ஜன்னல் திரையை விலக்கி, அவன் பஸ் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். காலண்டரில் எதுவும் எழுதவில்லை.

ஐந்தரைக்கு அழைத்தவன் ஹான்சன். அவசரத்துக்கு என்று புவனேசன் எழுதிக் கொடுத்திருந்த எண் அவளுடையது. அந்தப் பையன் அழுதுகொண்டே ஆங்கிலத்தில் பேசினான். எழுந்து பார்த்தேன், எல்டர் கோபாலனைக் காணோம், தெருவெல்லாம் தேடிவிட்டேன், மிஷன் தலைவருக்கும் சொல்லிவிட்டேன், உங்களிடம் வந்தானா?

வந்தான், சோறு கொடுத்து அனுப்பிவிட்டேன் என்று சொன்னாள்.

ஷிப்ட் முடிந்து வந்த ஆரணன் சீருடையோடு வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டார்.

"பொறும். வாசலில வந்து நிண்டவன். உள்ள வரட்டோ எண்டு கேட்டவன். நீர் சோத்துப் பெட்டியைக் குடுத்து அனுப்பினீரோ?"

"சட்டம் இருக்குங்க. அவனுக்கு நல்லதுக்குத்தான்..."

"உம்மட தம்பியப்பா அவன். பார்சல் கொண்டுவந்தவன் இல்லை."

காரை எடுத்தார். மிச்சம் கடைத்தெரு, பூங்கா, டிராம் நிறுத்தம். வாண்டில் ஆற்றங்கரையில் அவர் காரை நிறுத்தியபோது ஏன் இங்கே நிறுத்துகிறீர்கள் என்று ஷாமளா கேட்கவில்லை. இருவரும் இறங்கி நடந்தார்கள். தண்ணீர் முழங்கால் ஆழம்தான். அதையும் அவள் ஒவ்வொரு அடியாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். வெள்ளையாக என்ன தெரிந்தாலும் கரையோரம் இறங்கிப் பார்த்தாள். ஒன்று பிளாஸ்டிக் பை. ஒன்று அன்னம்.

ஏழு இருபதுக்கு ஆரணனின் கைபேசி அடித்தது. தன் பஸ் கராஜிலுள்ள தமிழ் டிரைவர்களின் கைபேசிக் குழுவில் அவர் போட்ட செய்தியைப் பார்த்து, இருநூறாம் நம்பர் ஓட்டும் தர்சிகன் அந்த வழியின் கடைசி நிறுத்தமான ரேன்ஸ் பார்க்கிலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணை, வெள்ளைச் சட்டை, கறுப்புப் பட்டி, மடியில ஒரு சோத்துப் பெட்டி, சரியோ? மூண்டாந்தரமா என்ர பஸ்ஸில ஏறுறான். கடைசி ஸ்டாப்பில இறங்கிறான், திரும்ப ஏறுறான். பொலிஸ்காரனெண்டு நினைச்சன், பிறகு பாத்தா அழுறான். இப்ப வெளிக்கிடுறன். நீங்கள் கோலியர்ஸ் வுட்டில நில்லுங்கோ. அவனை ஏத்தாமல் நான் வெளிக்கிட மாட்டன்."

நிறுத்தத்தில் நின்ற இருபத்தாறு நிமிடத்தையும் ஷாமளா கடிகாரத்தைப் பார்த்தே கழித்தாள். பஸ் வந்தது. பின் வரிசையில், ஜன்னலோரம், அவன். பெட்டி திறக்கப்படவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வா வீட்டுக்குப் போகலாம்."

அவன் வெளியே பார்த்தபடி, "நீதானே பஸ்ல போன்னு சொன்னே," என்றான். குரலில் கோபம் இல்லை. "மிச்சத்துல இறங்கப் பார்த்தேன்க்கா. கால் வரல. உன் வீடு நாலு தடவை வந்துச்சு. வரக் கூடாதுன்னு இறங்கல."

ஷாமளா அவன் கையைப் பிடித்தாள். பஸ்ஸிலிருந்தவர்கள் பார்த்தார்கள். தர்சிகன் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

மறுநாள் புதன்கிழமை. வழக்கமாக அவன் ஊர் மாறும் கிழமை. மிஷன் தலைவரும் அவர் மனைவியும் அவனுடைய இரண்டு பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள். திட்டுவார்கள் என்று ஷாமளா நின்றுகொண்டே இருந்தாள். தலைவர் அவனோடு முக்கால் மணி நேரம் பேசினார். டாக்டரிடம் காட்ட நாள் வாங்கியாகிவிட்டது என்றார். ஓய்வெடுத்துவிட்டுத் தொடர்வதா, முடித்துக்கொள்வதா என்று அவனே சொல்லட்டும் என்றார். போகும்போது வாசலில் அவளிடம் மெதுவாக, உடைந்துபோன பிள்ளை கதவைத் தட்டினால் உள்ளே விட்டுவிட்டு எங்களுக்கு ஒரு போன் செய்தால் போதுமே அம்மா, எந்தச் சட்டமும் அதைத் தடுக்காது என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புவனேசன் முடித்துக்கொள்வதாகச் சொன்னான்.

திங்கட்கிழமை இரண்டே காலுக்குத் திரையில் இரண்டு கட்டம்தான். ஷாமளா நடந்ததைச் சொல்ல, அம்மா முழுவதையும் கேட்டாள். பிறகு, "ராத்திரி ஃப்ளைட்டா பார்த்துப் போடு. ஏர்போர்ட்டுக்கு நான் மட்டும் வரேன். சபையில யாருக்கும் சொல்லிக்க வேணாம்," என்றாள்.

"பகல் ஃப்ளைட்லதான் வருவான்மா. முழுசா முடிச்சுட்டு வர்ற பிள்ளைக்குப் பேனர் கட்டுவீங்கல்ல, அதே மாதிரி கட்டுங்க. ஐம்பத்தெட்டு வாரம் ஆறு நாள் செஞ்சிருக்கான். நீங்களும் நானும் ஒரு நாள் அந்தக் குளிர்ல நின்னதில்ல. கட்ட முடியாதுன்னா இங்கேயே இருக்கட்டும்."

அம்மா தன் கட்டத்தை அணைத்துவிட்டாள். அடுத்த திங்கட்கிழமை அழைப்பு வரவில்லை.

இப்போது புவனேசன் மாத்திரை எடுக்கிறான், பகலில் நெடுநேரம் தூங்குகிறான். மாலையில் ஆரணன் வற்புறுத்துவதால் கொஞ்சம் நடந்துவிட்டு வருவான். சாவி கொடுத்தாகிவிட்டது. அவன் அதைப் பயன்படுத்துவதில்லை. மணி அடிப்பான், அவள் திறந்ததும், "உள்ளே வரட்டாக்கா?" என்று கேட்பான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்து நிற்பான்.

ஷாமளா ஸ்குரூ டிரைவரை எடுத்து அந்தக் கதவுச் சங்கிலியைத் தானே கழற்றி எறிந்தாள். மரத்தில் நாலு துளை மிச்சம். அதற்குப் பிறகு பதினோரு நாளாகிவிட்டது. பதினோரு நாளும் அவன் கேட்டான். பதினோரு நாளும் அவள், "வாடா, உன் வீடுதான்," என்று சொல்லிக் கதவைச் சுவரோடு முட்டும்வரை திறந்தாள்.