பள்ளிக்கூடத்துக்கு அப்பா செய்த ஜோடனை

என் அப்பாவுக்கு ஓட்டை உடைசலைக் கண்டால் ஆகாது. காஞ்சிபுரத்துக் கோயில்களிலும் கல்யாண மண்டபங்களிலும் பந்தல் போட்டு ஜோடனை செய்வது அவர் தொழில். காரை பெயர்ந்த தூணாக இருந்தாலும் மடிப்பு வைத்த துணியைச் சுற்றிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். திருப்தியானால்தான் டீ குடிக்கப் போவார். அந்தக் கைதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வேட்டு வைக்கப் பார்த்தது.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. எங்கள் ஊர் தாமல் பக்கம். அந்த வருஷத்து மழையில் ஏரி நிரம்பி வழிந்து, தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்துவிட்டது. வடிந்த பிறகு பார்த்தால் பின்சுவரில் ஒரு மாடு நுழையும் அளவுக்கு ஓட்டை. பாடமெல்லாம் மாதா கோயில் கொட்டகைக்கு மாறியது. எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். உள்ளே போகாதே என்று எத்தனை முறை விரட்டினாலும், அந்த ஓட்டை வழியாகத்தான் போவோம், வருவோம். எங்கள் வீட்டுக்கு அதுதான் குறுக்கு வழி.

பள்ளியை மூடிவிட்டு, ஹைவேக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அதைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும் என்பதால்தான் அவளை ஐந்தாவதோடு நிறுத்தியிருந்தார்கள்.

"என்ன அஞ்சாவதோட நிறுத்துனாங்க. இவள ரெண்டாவதோட நிறுத்தறதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பாள்.

காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைக்காரர்களும் தறிக்காரர்களும் சேர்ந்து நடத்தும் ஓர் அறக்கட்டளை, கிராமத்துப் பள்ளிகளுக்கு உதவி செய்துவந்தது. வெள்ளத்தில் இடிந்த பள்ளிகளில் ஒன்றைத்தான் கட்டித்தர முடியும், நேரில் பார்த்துவிட்டு எது என்று முடிவு செய்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

விருந்தாளி வருகிறார்கள் என்றதும் அப்பாவுக்குக் கை துறுதுறுத்தது. முதல் நாளே மஞ்சளும் சிவப்புமாகத் துணி கொண்டுவந்து பின்சுவர் முழுக்க மடிப்பு வைத்துக் கட்டினார். வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம். அடடா, பள்ளிக்கூடத்துக்குக் கல்யாணம்!

"ஏங்க, ஓட்டைய மூடிட்டா அவங்களுக்கு எப்டிங்க தெரியும்?" என்றாள் அம்மா.

"அதெல்லாம் டீச்சர் எடுத்துச் சொல்லுவாங்க. வர்றவங்க முன்னாடி மூளியா நிக்கணுமா? நாம இன்னா பிச்சையா எடுக்கறோம்?"

அதற்கு மேல் அப்பாவோடு பேச யாராலும் முடியாது.

மறுநாள் காரில் ஒரு ஐயாவும் ஒரு அம்மாவும் வந்து இறங்கினார்கள். பெண் பிள்ளைகள் எல்லாரும் பட்டுப் பாவாடையில் நின்றோம். அவர்களை உள்ளே உட்காரவைத்து இளநீர் கொடுத்தார்கள். ஐயா சுற்றிலும் பார்த்தார்.

"பரவால்லியே, ஸ்கூல் நல்லாத்தான் இருக்குது. ஜோடனை யாரு செஞ்சது?"

அப்பா கைகட்டிக்கொண்டு முகமெல்லாம் பல்லாக நின்றார். டீச்சர் தொண்டையைச் செருமினார். அப்பா முகத்தைப் பார்த்தார். மறுபடியும் செருமினார். ஐயாவுக்கு இன்னொரு இளநீரை நீட்டினார். ஐயா கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்த ஊருக்கும் போவணும்மா" என்றார்.

அப்போது அம்மா என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஆரத்திக்குக் கற்பூரம் இல்ல. வூட்ல மாடத்துல இருக்குது, ஓடிப்போய் எடுத்துக்கினு வா. சுத்திக்கினு வராத, எப்பவும் வர்ற வழியிலயே வா."

ஓடினேன். மாடத்தில் கற்பூரம் இல்லை. பானைக்குப் பின்னாலும் இல்லை. அம்மா திட்டுவாளே என்ற பயத்தோடு, எப்போதும் வரும் வழியிலேயே, துணியை முட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். கட்டு அவிழ்ந்து, துணி மொத்தமும் என் தலையில் விழுந்தது.

"ஐயோ, இந்தப் பொண்ணு எங்கிருந்து வருது?" என்று அந்த அம்மா பதறினார்.

துணியை விலக்கிக்கொண்டு நான் எழுந்தபோது, ஐயா ஓட்டை வழியாக ஏரிக்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையால் சுவரைத் தொட்டார். செங்கல் ஒன்று உதிர்ந்தது.

"அடுத்த ஊருக்கு அப்புறம் உதவி செய்யலாம். மொதல்ல இதைக் கட்டணும்" என்றார்.

அந்தப் பள்ளியில்தான் ஐந்தாவது வரை படித்தேன். ஆனால் அன்றைக்குக் கார் கிளம்பியதும் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "மானத்த வாங்கிட்டியே! வாசல் இல்லியா ஒனக்கு?" ஊரே பார்க்கத் திட்டினார். நான் ஓவென்று அழுதேன்.

அம்மாதான் வந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அந்த வயதில் என்னைத் தூக்குவது அவளுக்கு லேசாக இருந்திருக்காது. முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, விருந்தாளிகளுக்கு வாங்கிவைத்த பிஸ்கட் பாக்கெட்டை அப்படியே என் கையில் கொடுத்தாள். கடைக்கு அனுப்பி நான் ஒரு சாமானை மறந்து வந்தாலே வீட்டை இரண்டாக்குகிறவள், கற்பூரம் எங்கே என்று மட்டும் கேட்கவே இல்லை. நல்ல வேளை, மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் பிஸ்கட்டைத் தின்றேன்.