புக்கிட் பூத்தூஸ் ஏற்றமும் வெள்ளிக்கிழமை எண்ணெயும்

1957 ஜூலை மாதத் தேதியிட்டுச் சிங்கப்பூர் சைக்கிள் இறக்குமதிக் கம்பெனியிடமிருந்து எங்கள் கடைக்கு வந்த கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தட்டச்சு செய்த ஒரே ஒரு பக்கம். அதன் இரண்டாவது பத்தியைத் தமிழில் தருகிறேன்: “மூன்று கியர் வண்டியில் புக்கிட் பூத்தூஸ் மலைச்சாலையை எங்கும் இறங்காமல் ஒருவர் ஏறிக் காட்ட வேண்டும் என்று கோலப்பிலா வியாபாரி கேட்கிறார். அவர் திருப்தியடைந்து ஆர்டர் கொடுத்தால் நெகிரி செம்பிலான் மாநில விற்பனை உரிமை தங்களுக்கே. இல்லையென்றால் சிரம்பானில் வேறு கடை பார்க்க வேண்டியிருக்கும்.”

தேதியை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் முதலாளி கடைசிவரை இது ஆகஸ்ட் முடிவில் வந்த மலாயா சுதந்திர வாரத்தில் நடந்தது என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தார். அது தவறு. சுதந்திரத்துக்காக அவர் வரவழைத்த சின்னக் கொடிகள், சைக்கிள் கைப்பிடியில் செருகுவதற்கானவை, நான் மலையேறிவிட்டு வந்த பிறகுதான் கடைக்கு வந்து சேர்ந்தன. பெட்டியைப் பிரித்தவன் நான்தான். இதை அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். “ஏதோ ஒண்ணு, அந்தச் சமயம்தானே” என்பார். வரலாறு இப்படித்தான் கெட்டுப்போகிறது.

கடை மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்தது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் சாக்கடையை ஒட்டிப் பட்டறை. இங்கிலாந்திலிருந்து பெட்டிகளில் பிரித்து வரும் வண்டிகளைப் பூட்டுவதும், சக்கரத்தின் கம்பிகளை முறுக்கி நேர் செய்வதும் என் வேலை. கையில் கிடைக்கும் பத்திரிகை, பழைய அரசாங்க அறிக்கை, பயண நூல் எதையும் விடாமல் படிப்பேன். படித்த ஊர்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. விற்பனை உரிமை கிடைத்தால் வெளியூர் சுற்றி ஆர்டர் பிடிக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நீதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் பின்பக்கமும் சாக்கடையும்தான். ஆகவே அந்த மலையை நான் ஏற வேண்டியது கடைக்காக மட்டும் அல்ல.

மாதிரிக்காக வந்த மூன்று கியர் வண்டி ஒன்றே ஒன்று. பல மாதங்களாகக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றது. அதை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோதெல்லாம் முதலாளி மறுத்தார். புது வண்டி, முதல் உருட்டல் நல்ல நேரத்தில், எலுமிச்சம்பழத்தின்மேல்தான் என்றார். கடிதம் வந்த பிறகாவது விடுவார் என்று பார்த்தால், பயணம் போகும் நாளே நல்ல நாள் என்று ஜோசியர் குறித்துக் கொடுத்துவிட்டாராம். அன்று காலை சந்தனம் பூசி, சூடம் காட்டி, இரண்டு சக்கரத்தின் கீழும் பழத்தை வைத்தார்கள். பல தலைமுறையாக வீட்டில் மலாயே பேசும் பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிப் பெண்மணி வாசலில் நின்று பார்த்துவிட்டு, இந்தப் பழத்தை மிளகாய்ச் சம்பாலுக்காவது கொடுத்திருக்கலாமே என்று மலாயில் சொன்னார். நான் பழத்தை நசுக்கி, அப்படியே தெருமுனைவரை உருட்டி, பஸ்ஸின் கூரைமேல் வண்டியைப் படுக்க வைத்துக் கட்டினேன். எங்கள் கடையின் தலைவிதியைத் தீர்மானிக்கப் போகும் வண்டியை நான் ஓட்டிப் பார்த்த தூரம் அவ்வளவுதான்.

சிரம்பானில் இறக்கியபோது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து ஏதோ கசிந்து கம்பிகளில் வழிந்திருந்தது. கியர் பற்கள் எல்லாம் அந்த நடு உருளைக்குள்தான் இருக்கின்றன. வெயிலில் கூரைமேல் கிடந்ததால் எண்ணெய் கசிந்திருக்கும் என்று துடைத்துவிட்டுக் கிளம்பினேன். முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

புக்கிட் பூத்தூஸ் பெரிய மலை அல்ல. வரைபடத்தில் பார்த்தால் சிரம்பானுக்கும் கோலப்பிலாவுக்கும் நடுவே ஒரு மடிப்பு. ஆனால் சாலை காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். ஒரு வளைவு முடிந்தது என்று மூச்சு விட்டால் அடுத்த வளைவு அதைவிடச் செங்குத்தாக நிற்கும். மேலேயிருந்து மரலாரி ஒன்று வந்தால் ஓரத்து ஈரப் பாசியில் சக்கரத்தை விட்டு ஒதுங்க வேண்டும். முதல் வளைவிலேயே கீழ் கியருக்கு மாற்றினேன். இரண்டு மிதி பிடித்தது. மூன்றாவது மிதியில் பாதம் வெறும் காற்றில் இறங்கி, மிதிகட்டை சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே அடித்தது. மறுபடி மாற்றினேன். மறுபடி அடி. கியர் உள்ளே பிடிக்கவே இல்லை. விளம்பரத் தாளில் “மாடிப்படியைத் தரையாக்கும்” என்று அச்சடித்திருந்த கியர் அது.

இறங்கக் கூடாது. எனவே நடு கியரில் வைத்து, எழுந்து நின்று மிதித்தேன். சாதாரண வண்டியில் ஏறுவதைவிட இது மோசம், ஏனென்றால் இந்த வண்டி கனம் அதிகம். சந்தனம் வியர்வையில் கரைந்து கைப்பிடி வழுக்கியது. வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஏறினேன். யாரை என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கால் தரையில் படவில்லை. உச்சிக்கு முந்திய வளைவுக்கு வந்தபோது, முடித்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

அந்த வளைவைத் திரும்பினால் போலீஸ் தடுப்பு.

மலாக்காவில் அவசரகாலக் கட்டுப்பாடுகளை நீக்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சாப்பாட்டுப் பொருள் போகக் கூடாது என்ற சோதனை எல்லாம் எங்களுக்கு மறந்தே போயிருந்தது. இந்தப் பக்கம் அது இன்னும் நடந்தது. சைக்கிள் பம்புக்குள் அரிசி நிரப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு என்பதால் சைக்கிள்காரனை அவர்கள் சும்மா விடமாட்டார்கள். கட்டையைக் குறுக்கே போட்டு, இறங்கு என்றார்கள். இறங்கினேன். மலாய் கார்ப்பரல் ஒருவர் பம்பைக் கழற்றிக் கவிழ்த்தார், இருக்கையைப் பிடுங்கிக் குழாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். எல்லாம் சரி என்று கையைத் தட்டியபோது, கூட இருந்த தமிழ்க் காவலர் பின்சக்கரத்தைத் தொட்டுவிட்டு விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

“என்னண்ணே இது, சக்கரத்துல நல்லெண்ணெய் வாசம் அடிக்குது?”

“மெஷின் எண்ணெய்ங்க அது” என்றேன்.

“எங்க வீட்டுல தோசைக்கு ஊத்துறது எனக்குத் தெரியாதா? நீங்களே மோந்து பாருங்க.”

முகர்ந்தேன். நல்லெண்ணெய்தான். நெடுநாள் கிடந்து சிக்கேறிய நல்லெண்ணெய். அந்த நிமிடத்தில் எல்லாம் விளங்கியது. எங்கள் கடையில் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிய பின், முதலாளி எண்ணெய்க் கிண்ணத்தோடு கண்ணாடிப் பக்கம் போவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே மாட்டியிருந்த சாமி படத்துக்கு முன்னால் ஏதோ செய்கிறார் என்று நினைத்தேன். உருளையின்மேல் எண்ணெய் விடுவதற்கென்று மூடி போட்ட ஒரு சின்னத் துளை இருக்கிறது. வாரந்தவறாமல் பூஜை எண்ணெயில் மீந்ததை அதற்குள் விட்டிருக்கிறார். சமையல் எண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகிவிடும். உள்ளே கியர் பிடிக்க வேண்டிய சின்னக் கொக்கிகள் அதில் ஒட்டிக்கொண்டால் எங்கே பிடிக்கும்?

இதைக் காவலரிடம் சொன்னேன். அவர் அதைக் கார்ப்பரலுக்கு மலாயில் சொன்னார். சக்கரத்துக்குச் சாமி எண்ணெய் விடுவார்கள் என்பதைக் கார்ப்பரல் நம்பவில்லை. உணவு எண்ணெய் உணவு எண்ணெய்தான், சக்கரத்துக்குள் இருந்தாலும் சட்டியில் இருந்தாலும் என்பது அவர் கட்சி. உருளைக்குள் எவ்வளவு கொள்ளும் என்று கேட்டார். ஒரு கரண்டிகூடக் கொள்ளாது என்றேன். காட்டில் ஒரு கரண்டிக்கும் ஆள் இருக்கிறான் என்றார். கடைசியில் தமிழ்க் காவலர்தான் சிரித்துச் சமாளித்தார். ஆனால் தடுப்பைத் தாண்டி உச்சிவரை வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், காவலர் கூடவே வருவார் என்பது உத்தரவு.

உச்சியில் ஒரு காப்பிக் கடை. அதன் பலகையில் கோலப்பிலா வியாபாரி உட்கார்ந்திருந்தார். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரும்புக் கடையும் சைக்கிள் கடையும் வைத்திருந்த பாய். தன் வேனில் வந்து காலையிலிருந்து எனக்காகக் காத்திருந்தார். அவர் பார்த்தது என்ன? சந்தனம் வழியும் வண்டியைத் தள்ளிக்கொண்டு, போலீஸ் துணையோடு, முழங்காலுக்குக் கீழே இரத்தத்தோடு நான் நடந்து வருவதை.

“நடந்தே வந்திட்டீங்களே தம்பி.”

“தடுப்புல இறக்கிட்டாங்க பாய். அதுவரைக்கும் கால் கீழ வைக்கல. இவரையே கேளுங்க.”

காவலர் தலையை ஆட்டினார். பாய் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “நாளைக்கு அந்தத் தடுப்பு இருக்குமா?”

“இருக்கும்.”

“அப்ப என் கடையில வாங்குறவனும் அங்க இறங்கித்தானே ஆகணும்? இறங்கப்போறவனுக்குக் கியர் எதுக்கு தம்பி?”

பட்டறைச் சாக்கடை கண்முன் வந்தது. உங்கள் பக்கத்திலிருந்து ஏறும்போது தடுப்புக்கு முன்பே உச்சி வந்துவிடுகிறது, நாளைக் காலை கோலப்பிலாவிலிருந்து ஏறிக் காட்டுகிறேன் என்றேன். இன்றைக்கு ஏன் கியர் வேலை செய்யவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். பாய் உருளையைக் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

“சரி, நாளைக்குப் பாப்போம். ஆனா இந்த வாசத்தோட கடைக்குள்ள கொண்டாராதீங்க. பசி எடுக்குது.”

அன்று மாலை பாயின் கடைப் பின்கட்டில் சக்கரத்தைக் கழற்றினேன். துளை வழியாக மண்ணெண்ணெயை விடுவது, சுழற்றுவது, வடிப்பது, மறுபடி விடுவது. பழுப்பு நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. தெளிவாக வந்த பிறகு, பாய் விற்கும் தையல் மெஷின் எண்ணெயை விட்டேன். கைப்பேசி எல்லாம் இல்லாத காலம். தபாலாபீசுக்குப் போய் மலாக்காவுக்கு டிரங்க் கால் போட்டு முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படாமல் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை எண்ணெயால் ஒரு குறையும் வந்திருக்காது, நீ அவசரப்பட்டு மிதித்திருப்பாய் என்றார். காசு கொடுத்துக் கேட்ட பதில் அது.

மறுநாள் கோலப்பிலாவிலிருந்து கிளம்பி, உலு பெண்டோலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. பாய் வேனில் பின்னாலேயே வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, இப்போது மாற்று, இப்போது மாற்றாதே, வலது பக்கம் போகாதே என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். சைக்கிளில் மலை ஏறியதே இல்லாதவர். ஆனால் கீழ் கியர் பிடித்தது. ஒரு மிதிகூட நழுவவில்லை. மெதுவாக, பின்னால் வந்த வேனின் எஞ்சின் சூடாகிப் புகையும் அளவுக்கு மெதுவாக, உட்கார்ந்தபடியே ஏறினேன். கடைசி வளைவில் பாய் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார். காப்பிக் கடைப் பலகையில் கையை ஊன்றி நின்றபோதுதான் என் கால் தரையில் பட்டது.

பாய் வேனிலிருந்து இறங்கிப் பின்சக்கரத்தை ஒரு தட்டு தட்டினார். “வண்டி ஏறுது” என்றார். வேறு பாராட்டு இல்லை. அங்கேயே ஆர்டர் எழுதிக் கொடுத்தார். கியர் வண்டிகளோடு சாதாரண வண்டிகளும் சேர்த்து.

விற்பனை உரிமை எங்களுக்கு வந்தது. அதன்பின் பல ஆண்டுகள் நான் ஊர் ஊராகப் போனேன். தாப்பாவிலிருந்து மேலே போகும் சாலை, கோலகுபு பாருவிலிருந்து போகும் சாலை, கெந்திங் செம்பா, எல்லாவற்றிலும் மாதிரி வண்டியை மிதித்திருக்கிறேன். புத்தகத்தில் படித்த ஊர்களைப் பார்த்தேன் என்று சொல்லலாம். பெரும்பாலும் பார்த்தது அவற்றின் மேடுகளைத்தான். எந்தப் பயணத்துக்கு முன்பும் உருளையைத் திறந்து முகர்ந்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

பாய் தன் கடை வாசலில் ஒரு பலகை மாட்டினார். “புக்கிட் பூத்தூஸை இறங்காமல் ஏறிய முதல் சைக்கிள் இங்கே கிடைக்கும்” என்று மலாயிலும் சீனத்திலும் தமிழிலும். நான் அப்படி ஒருபோதும் சொல்லவில்லை. “முதல்” என்ற சொல்லை ஆதாரம் இல்லாமல் எழுத எனக்குக் கூசும். ஆனால் அந்தப் பலகையின் படத்தைச் சிங்கப்பூர்க்காரர்கள் விளம்பரத்தில் போட விரும்பி, அது உண்மைதான் என்று என்னைக் கையெழுத்திடச் சொன்னார்கள். அதற்காக 1958இல் கோலப்பிலா போய் விசாரித்தேன். பாயின் கடைக்குப் பூட்டு வாங்க வந்த, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, ஜப்பான் சண்டைக்கு முந்தியே நான் தபால் பையோடு ஏறியிருக்கிறேனே என்றார். கியர் இல்லாத வண்டியிலா என்று கேட்டேன்.

“கியரா? பெல்லே கிடையாது தம்பி அதுல.”

நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் விளம்பரம் வந்துவிட்டது. தபால்காரர் சொன்னதை அறிந்த வேறு யாரையும் நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காலத்துத் தபால் அந்த மலைவழியே சைக்கிளில் போனதா, பஸ்ஸில் போனதா என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே புக்கிட் பூத்தூஸை இறங்காமல் முதலில் ஏறியவர் யார் என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.