வீட்டிலிருந்து ஒரு டி.சி.

ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் தருகிறார்கள். நான் குடித்து முடிப்பதற்குள் என் மகளிடம் எந்த ஸ்கூல் என்கிறார்கள். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் என்ன ரேங்க் என்கிறார்கள். பிள்ளையின் பெயர் மூன்றாவது கேள்விதான். மலேசியாவில், பினாங்கில் நாங்கள் சாப்பிட்டாயா என்று கேட்பதோடு விட்டுவிடுவோம். கணவருக்குத் திருச்சியில் வேலை கிடைத்து எழுபத்தேழில் இங்கே வந்திறங்கியபோது, ஒன்பது வயது வசந்திக்கு முதல் கேள்விக்கே பதில் இல்லை.

காரணம், டி.சி. ஒரு பள்ளியை விட்டு இன்னொரு பள்ளிக்குப் போகும் பிள்ளை கையோடு கொண்டுபோக வேண்டிய சான்றிதழ். பினாங்குப் பள்ளியில் அதற்குப் பதிலாக மலாயில் ஒரு சூராட், அதாவது கடிதம், தந்திருந்தார்கள். இங்கே பள்ளி கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். பிள்ளையின் கண்டக்ட் எங்கே போட்டிருக்கிறது என்றார். அது எங்குமே இல்லை. பக்கத்து முசிறிக்குப் பஸ் ஏறிப் போய்விட்டு வருகிற காரியம் போல, டி.சி. வாங்கி வந்துவிடுங்கள் என்றார். பினாங்குக்கு நான்கு கடிதம் போட்டேன். நான்காவதற்குப் பதில் வந்தது. உறைக்குள் அதே சூராட்டின் இன்னொரு பிரதி இருந்தது.

பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகிவிடுமே என்ற பயத்தில் நானே சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். பினாங்கில் ஐந்து வருஷம் ஆசிரியையாக இருந்தவள்தானே. ஆனால் தனியாக உட்கார்ந்து படித்த பிள்ளை ஒரு மாதத்தில் சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டாள். துணைக்கு ஆள் தேடினேன். பாலக்கரையிலிருந்து ஆரோக்கியமேரி, மஞ்சள் காமாலையால் படிப்பை நிறுத்திய தன் மகன் ஜோசப்பைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பின் வீட்டு ரங்கநாயகி மாமி, கணக்கு வாத்தியாருக்குப் பயந்து பள்ளிக்குப் போக மறுத்த தன் இரண்டு பெண்களையும் அனுப்பினாள். இப்படியே வசந்தியோடு ஒன்பது பேர் சேர்ந்தார்கள். மணி கிடையாது, ரேங்க் கிடையாது, காலையில் கொள்ளிடக் கரைக்குப் போய்ப் பறவைகளை எண்ணுவோம், ஆரஞ்சுச் சுளையை வைத்துப் பின்னம் படிப்போம் என்று பெரிய திட்டம் போட்டிருந்தேன்.

பள்ளி ஒத்துவராமல்தான் பிள்ளைகளை என்னிடம் அனுப்பினார்கள். அனுப்பிய மறுவாரமே, பள்ளியில் இருப்பதெல்லாம் இங்கே ஏன் இல்லை என்று கேட்டார்கள். ப்ரேயர் வேண்டும் என்றார்கள். யார் சாமிக்கு என்பதில் அரை மணி நேரம் விவாதம் நடந்து, கடைசியில் எல்லோரும் வாயை மூடி நிற்பது என்று முடிவாயிற்று. மாமியின் கணவர் எங்கிருந்தோ ஒரு துண்டுத் தண்டவாளம் கொண்டுவந்து ஹாலில் மணியாகத் தொங்கவிட்டார். யூனிபாரம் வந்தது. லீவ் லெட்டர் வந்தது. காது குத்துக்குப் போனாலும் எல்லாப் பிள்ளைக்கும் கடிதத்தில் காய்ச்சல்தான். வசந்தி நீலப் பாவாடையும் தோள்பையுமாக, டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து ஹாலுக்கு வருவாள். ஒரு நாள் தாமதமாக வந்தாள் என்று நானே அவளை வெளியே நிறுத்தினேன்.

ரேங்க் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒன்பது பேருக்கும் முதல் ரேங்க் போட்டேன். மறுநாள் ஆரோக்கியமேரி வந்துவிட்டாள்.

"எல்லாரும் ஃபர்ஸ்ட்டுன்னா, எம்புள்ள யாருக்கு முன்னாடி வந்திருக்கான், சொல்லுங்க டீச்சர்?"

அடுத்த மாதம் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ரேங்க் போட்டேன். பட்சபாதம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று வசந்திக்கு ஒன்பதாவது. அதே காரணத்துக்காக அவளும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. அது மணியடித்த பிறகும் நிற்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டிலும் "மிஸ், கொஞ்சம் ரசம்" என்பாள். கணவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஜூன் மாதம் ஜோசப்புக்கு உடம்பு தேறியது. பள்ளியில் சேர்க்க டி.சி. கேட்கிறார்கள் என்று ஆரோக்கியமேரி வந்து நின்றாள். நான் எங்கே போவேன் என்றேன். அவள் பையிலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் என்று செதுக்கிய ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கடையில் சொல்லிச் செய்து எடுத்தே வந்துவிட்டாளாம். வெள்ளைத் தாளில் எழுதினேன், கண்டக்ட் நன்று என்று போட்டேன், குத்தினேன். வசந்தியைத் திருப்பி அனுப்பிய அதே பள்ளி, அதே கிளார்க், தலை நிமிராமல் வாங்கிக்கொண்டார். அந்த வாரமே மற்ற ஏழு பேரும் வரிசையில் நின்றார்கள். எட்டாவது டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினால், வசந்தி வரிசையில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க, மிஸ்."

எதற்கு என்று கேட்டேன்.

"ஸ்கூல் விட்டா எல்லாரும் அம்மாகிட்டப் போறாங்க. நான் மிஸ்கிட்டயே இருக்கேன்."

நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரு வருஷம் அவளுக்குத் தாயில்லாமல் செய்திருக்கிறேன். அன்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் பள்ளி விண்ணப்பத்தில் பெற்றோர் என்ற இடத்திலும் போட்டேன். கிளார்க் இந்த முறை பார்த்து நிமிர்ந்தார். இரண்டு தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"ஹெச்.எம். கையெழுத்தும் உங்க கையெழுத்தும் ஒரே மாதிரி இருக்கே?"

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊருங்க."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். விண்ணப்பத்தில் சொந்த ஊர் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, எந்த ஊர் என்றார். பினாங்கு என்றால் ஹெச்.எம்.மும் பினாங்கா என்பார், ஸ்ரீரங்கம் என்றால் பொய். வசந்தி என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"சொல்லுங்கம்மா."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அப்போதுதான். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிளார்க் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு முத்திரை குத்தினார்.