‘ஐ ஆம் ஃபைன்’ சொல்லப் பயந்தவர்கள்

வளர்ந்த ஆட்களுக்கு இங்கிலீசு கதைக்கப் பழக்குகிறவளுக்கு இங்கிலீசு கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை. சிரிப்பை அடக்கத் தெரிந்திருக்க வேண்டும். யாராவது இங்கிலீசில் பெயர் கேட்டதும் சொந்தப் பெயரையே மறந்து நின்றவர்தானே நீங்களும்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி. தயங்காமல் மேலே வாசிக்கலாம்.

மட்டக்களப்பில் ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வகுப்பு. யன்னலைத் திறந்தால் வாவி தெரியும். பாடம் கடினமானால் முழு வகுப்பும் வாவியைப் பார்க்கும் என்பதால் யன்னலை மூடியே வைத்திருக்கிறேன். மூடினாலும் மற்றவர்களின் கண் அங்கேதான் போகும்; இரண்டு மணி நேரம் பஸ்ஸில் கதிரவெளியிலிருந்து வருகிற சுகந்தி மட்டும் யன்னல் பக்கம் திரும்பியதே இல்லை. கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ஏழு வருடமாகச் சலவைப் பகுதியில் வேலை. அங்கே அறைகளுக்கெல்லாம் பொறுப்பான மேற்பார்வையாளர் இடம் காலியாகியிருந்தது. புதிதாக வந்த வெள்ளைக்கார மனேஜர் இங்கிலீசில் நேர்முகம் வைப்பாராம். தேறினால் மேற்பார்வையாளர், தேறாவிட்டால் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வரும், சுகந்தி ஓய்வு பெறும்வரை விரிப்புத் தோய்க்க வேண்டியதுதான்.

சுகம் விசாரித்தால்

முதல் நாள், முதல் பாடம். ‘ஹவ் ஆர் யூ’ என்று கேட்டால் ‘ஐ ஆம் ஃபைன்’ என்று சொல்ல வேண்டும். இதைவிடச் சுலபமான பாடம் உலகத்தில் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கரடியனாற்றிலிருந்து வருகிற பாக்கியராசா அண்ணனிடம் கேட்டேன். நாற்பது ஏக்கர் வயல் வட்டையை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிற மனுசன், வேர்த்துப்போய் நிற்கிறார். வசனம் மறந்துவிட்டதா என்று கேட்டேன். மறக்கவில்லையாம். வேளாண்மை கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவத்தில் நிற்கிற நேரம் ‘நல்லா இருக்கிறன்’ என்று வாய்விட்டுச் சொன்னால் நாவூறு பட்டுப் பயிர் கெட்டுவிடுமாம். ‘ஏதோ இருக்கம்’ என்பதற்கு இங்கிலீசு என்னவென்று கேட்டார். சுகந்தியும் தலையை ஆட்டினாள்.

அடுத்தது காத்தான்குடியில் புடைவைக்கடை வைத்திருக்கிற ஹனீபா காக்கா; அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். லண்டனில் பிறந்த பேரப்பிள்ளைகளோடு கதைப்பதற்காக வகுப்புக்கு வருகிறவர். கேட்ட உடனே ‘அல்ஹம்துலில்லாஹ், ஐ ஆம் ஃபைன்’ என்று கணீரென்று சொன்னார். நான் கைதட்டினேன். பாக்கியராசா அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

“டீச்சர், காக்காட வசனத்துக்கு முன்னால ஒரு காவல் இரிக்கி. எங்களுக்கும் ஒண்டு தாங்க, பயமில்லாமச் சொல்றம்.”

வீட்டுப்பாடம்

‘தேங்க் யூ’ நாக்கில் படிய வேண்டுமென்றால் வீட்டிலும் பழக வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தரம் வீட்டு ஆட்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள் என்று ஒரு வாரம் சொல்லி அனுப்பினேன். நான் செய்த பிழை அது. நம் ஊரில் வீட்டுக்குள் யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள்? உங்கள் வீட்டில் நீங்கள் கடைசியாக எப்போது சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். யோசித்து முடிவதற்குள் இந்தப் பக்கம் முடிந்துவிடும்.

ஹனீபா காக்கா சொன்ன வாக்குத் தவறாதவர். திங்கட்கிழமை விடிய மனைவி கொண்டுவந்து வைத்த பால் விடாத பிளேன்ரீக்கு ‘தேங்க் யூ’ என்றார். விளங்காதோ என்று தமிழிலும் ஒரு தரம் சொன்னார். மத்தியானச் சோற்றுக்கும் சொன்னார். அந்திப்பட அந்த அம்மா எனக்குப் போன் எடுத்தா. சிரிப்பு வந்தாலும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

“டீச்சர், முப்பது வருசமா பேசாமக் குடிச்ச மனுசன் இண்டைக்கு நன்றி சொல்றாரு. டாக்டரு இவருக்கு என்ன சொன்னாரெண்டு மறைக்காமச் சொல்லுங்க.”

கேக்குத் துண்டு

பாக்கியராசா அண்ணனுக்கு அதிர்ஷ்டம் வட்டைக்கே நடந்து வந்தது. குருவி பார்க்க வந்த வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும் வரம்பில் நின்றார்கள். இவர் போய் இங்கிலீசில் பெயர் சொன்னார், பயிரைக் காட்டினார், மாட்டைக் காட்டினார். அவர்கள் மகிழ்ந்துபோய்ப் பையைத் திறந்து கேக்கை நீட்டினார்கள். அண்ணனுக்குக் கேக் என்றால் உயிர். ஆனால் கேட்ட உடனே கை நீட்டுவது மரியாதையா? நான் பழக்கிய அதே உச்சரிப்போடு ‘நோ, தேங்க் யூ’ என்றார். அவர்களும் சிரித்துக்கொண்டே கேக்கைப் பைக்குள் வைத்து இழுத்து மூடிவிட்டார்கள்.

அண்ணன் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருக்கிறார். வானத்தைப் பார்த்தாராம், பையைப் பார்த்தாராம். இரண்டாம் அழைப்பு வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வந்தவர் கதிரையில் இருக்கவும் இல்லை.

“ரெண்டாந்தரம் கேக்கமாட்டாங்க எண்டத நீங்க முதல்ல சொல்லித் தந்திருக்கணும் டீச்சர்.”

தன் வாயால்

சுகந்தியின் நேர்முகத்துக்குப் பத்து நாள் இருந்தது. ‘உங்களை ஏன் எடுக்க வேண்டும்?’ என்று கட்டாயம் கேட்பார்கள், ‘ஐ ஆம் வெரி குட் அட் மை வேர்க்’ என்று நிமிர்ந்து சொல் என்றேன். நிமிரவில்லை. அவள் தோய்த்த விரிப்பில் ஒரு கறை பார்த்தவர் கிடையாது. தான் கெட்டிக்காரி என்பது அவளுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அதைத் தன் வாயால் சொல்வதா? வகுப்பில் மற்றவர்களைச் சொல்லச் சொன்னேன். காக்கா அவளைப் புகழ்ந்தார், பாக்கியராசா அண்ணன் புகழ்ந்தார், இருவரும் போட்டிக்குப் புகழ்ந்தார்கள். இவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொழும்புப் பிள்ளை வந்து வாய் கூசாமல் தன்னைப் பற்றி நூறு சொல்லும், நீ வெட்கப்பட்டுக்கொண்டே இருந்து இடத்தை விடப்போகிறாயா என்று ஏசினேன். ஏசிய பிறகு எனக்கே மனம் கேட்கவில்லை. அவள் கொஞ்சமும் கோபிக்காமல் ஒரு வழி சொன்னாள்.

“என்ட வேலையப் பத்தி வேற ஆக்கள் சொல்லட்டும் டீச்சர், நான் பக்கத்தில நிக்கிறன்.”

நேர்முகம்

நேர்முகம் முடிந்த ஞாயிறு சுகந்தி வந்து, அவிழ்க்க விரும்பாத முடிச்சு மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடந்ததைச் சொன்னாள். மனேஜர் அந்தக் கேள்வியைத்தான் முதலிலேயே கேட்டிருக்கிறார். பத்து நாள் பாடமாக்கிய வசனத்தைச் சொல்லாமலே வெட்கத்தில் தலையைக் குனிந்தாள். குனிந்த கண்ணுக்குத் திரைச்சீலையின் கீழ்க்கரை பட்டது. ஊத்தை, கறுப்பாக.

தன்னைப் புகழத்தான் வெட்கம். குறை சொல்ல நம் ஆட்களுக்கு என்ன வெட்கம்? ‘சேர், லுக். திஸ் கேர்ட்டின், நோ வாஷ்’ என்று தொடங்கியவள், ஈரம் காயாமல் மடிக்கிற துவாய், வெயிலில் போடாத தலையணை, கட்டிலுக்கு அடியில் தூசி என்று ஹோட்டல் முழுவதையும் இங்கிலீசில் சுற்றிக் காட்டியிருக்கிறாள். கால் மணித்தியாலம், மூச்சு விடாமல். நான் பழக்கிய வசனம் ஒன்றுகூட அதில் இல்லை. மனேஜர் பேனையை எடுத்து ஒவ்வொன்றாக எழுதினாராம். எழுதி முடித்து, வேலையை எப்போது தொடங்கலாம் என்று கேட்டு நிமிர்ந்தால், எதிரே கதிரை காலி. சுகந்தி அதை யன்னலடிக்கு இழுத்து அதன்மேல் ஏறி நிற்கிறாள். திரைச்சீலை பாதி கழன்று அவள் கையில்.

“ஐ ஸ்டார்ட்டட், சேர்.”

அன்றிலிருந்து என் வகுப்பில் ‘உங்களைப் பற்றி நல்லதாக நாலு வசனம்’ என்ற பாடத்தைத் தூக்கிவிட்டு ‘இந்த அறையில் என்ன குறை’ என்று கேட்கிறேன், எல்லோரும் இங்கிலீசில் வெளுத்து வாங்குகிறார்கள், பாடம் முடிய விளக்குமாற்றைத் தூக்க வேண்டியவள் நான்தான் என்றாகிவிட்டது.