பதினோராவது வரி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. 2023 நவம்பர், ஒரு வியாழக்கிழமை. பட்டப்பகல்.

திருவாரூரில் ஒரு வீட்டின் மாடியில் தனியாகக் குடியிருந்தேன். வீட்டிலிருந்தே வேலை. ஒரு புரோகிராமில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசையைக் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும். 'கால் ஸ்டாக்' என்போம். அந்த வரிசையை வேண்டுமென்றே சிதைப்பேன். எங்கள் கம்பெனியின் புரோகிராமிங் மொழியை ஓட்டும் 'ரன்டைம்' அதைக் கண்டுபிடித்து, ஒரு ரிப்போர்ட் காட்டிவிட்டு, ஒழுங்காக நின்றுவிட வேண்டும். அதைச் சோதிப்பதுதான் என் வேலை.

மணி 2.17. வெளியே மழை கொட்டியது. ரிப்போர்ட்டில் ஒரு பெயர் கூடுதலாக இருந்தது.

மங்களாம்பிகை. வரி 1.

எங்கள் புரோகிராமில் அப்படி ஒரு ஃபங்ஷனே கிடையாது. தேடியும் பார்த்தேன். இல்லை.

டெஸ்ட்டை மறுபடி ஓட்டினேன். மங்களாம்பிகை. வரி 2. உள் படிக்கட்டில் 'சளக்' என்று ஒரு சத்தம். ஈரக்கால் சத்தம்.

மறுபடி ஓட்டினேன். வரி 3. சளக்...

சென்னையில் இருக்கும் டீம் லீட் பரணிதரனுக்கு போன் போட்டேன். அவரும் அதே டெஸ்ட்டை ஓட்டினார்.

“இங்க அப்படி எதுவும் வரலையேங்க... ஆமா, உங்களுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

எனக்கு மூச்சு வாங்கவில்லை.

போன் கட்டானது.

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். டெஸ்ட் தானாக ஓடியது. வரி 4... சளக். வரி 5... சளக்.

எங்கள் மாடிக்குப் பதினோரு படி.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். அணையவில்லை.

2.31. வரி 11.

கதவுக்கு வெளியே... மூச்சு.

ரிப்போர்ட்டின் அடியில் இன்னொரு வரி வந்தது. 'முதலில் அழைத்தது: பிரகதீஸ்வரி.'

அது என் பெயர்.

தாழ்ப்பாள் அசைந்தது...

“நான் கூப்பிடல!” என்று அலறினேன்.

எல்லாம் நின்றது.

அரை மணி கழித்துத்தான் கதவைத் திறந்தேன். பதினோரு படியிலும் ஈரத்தடம். எல்லாமே ஏறி வந்தவை. இறங்கிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

பக்கத்து வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மா மெஹராஜ் பேகத்திடம் ஓடினேன். மங்களாம்பிகை என்றதும் அவர் முகம் வெளிறியது.

“கீழ் வீட்டுல குடியிருந்தவங்கம்மா. பன்னெண்டு வருஷமாச்சு. இதே மாதிரி மழை. மாடிக்கு ஏறுனவங்க மேல்படியில விழுந்தாங்க... எந்திரிக்கவே இல்ல.”

“மாடிக்கு எதுக்குப் போனாங்க?”

அவர் என் முகத்தையே பார்த்தார்.

“‘யாரோ பிரகதீஸ்வரியாம், மேலேருந்து கூப்பிடுது’ன்னு சொல்லிட்டுத்தான் ஏறுனாங்க. அப்ப மாடி பூட்டிக் கெடந்துச்சும்மா.”